உள்ள யாரு வர்றாங்க?

துளை என்று ஒன்று கண்ணில் பட்டால் அதில் சுண்டு விரலை விட்டுப் பார்க்காமல் அந்த அக்காவால் நகர முடியாது. பஸ் நிறுத்தத்து இரும்பு இருக்கை, லிஃப்ட் கதவோரம் திருகாணி விழுந்துபோன இடம், டீக்கடை மேசையின் கால், எதுவானாலும் சரி. விரலை விட்டு லேசாகத் திருப்பி, உள்ளே திருகாணி பிடிக்கிற மரை இருக்கிறதா, வழவழப்பா என்று பார்ப்பார். பிறகு குனிந்து அந்தத் துளையிடமே விசாரிப்பது போலக் கேட்பார்:

"இன்னாபா, உள்ள யாரு வர்றாங்க?"

ஒருமுறை அம்பத்தூரில் பஸ்ஸுக்கு நின்றபோது விரல் மாட்டிக்கொண்டது. நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏம்மா, வரியா இல்லியா?" என்றார்.

"நீ போ நைனா. நான் இங்க ஒருத்தரப் பாத்துகினு கீறேன்."

பஸ் போய்விட்டது. பக்கத்துப் பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து தடவி விரலை எடுத்தோம். தோல் சிவந்து போயிருந்தது. "உள்ள மரை கீதுடா. வர வேண்டியவங்க யாரோ இன்னும் வரல" என்றார், ஏதோ கல்யாண வீட்டில் ஆள் குறைவதைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

மேனாம்பேட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்தோம். அறையை எடுத்துத் தொழில் தொடங்கியவன் திருச்சிப் பக்கத்துப் பையன், எஞ்சினியர். ஓனர் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் த்ரீ டி பிரிண்டர்களை நான் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் ஆவடிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினேன். பிரிண்டரை வீடியோ பார்த்தும், நிறைய பிளாஸ்டிக்கைப் பாழாக்கியும் கற்றுக்கொண்டேன். வாடிக்கையாளர் கேட்கும் பொருளைக் கணினியில் முப்பரிமாணமாக வரைவது அக்கா. கீழே மிளகாய் அரைக்கிற நாட்களில் மூவரும் தும்மிக்கொண்டே வேலை செய்வோம்.

வரைவதற்கு என்று பெரிய கணினி எதுவும் எங்களிடம் கிடையாது. இணையத்தில் ஓடும் மென்பொருள்தான். பிரவுசரைத் திறந்தால் போதும், அக்கா வரைவதை அதே நேரத்தில் என் கணினியிலும் பார்க்கலாம். அதில் துளை போடுவதற்கு என்றே ஒரு கருவி உண்டு. அதைத் தொட்டால் வரிசையாகக் கேள்வி கேட்கும்: என்ன வகை, எவ்வளவு ஆழம், மரை உண்டா, எந்த அளவு? மற்றவர்கள் வேகமாகத் தட்டிவிட்டுப் போகும் அந்தக் கேள்விகளை அக்கா ரசித்துப் பதில் சொல்வார். "இந்த ஒண்ணுதான்டா என்ன மாறியே கேக்குது" என்பார்.

திருகாணியின் தலை எங்கே நிற்கிறது என்பதை வைத்துத் துளைகளில் மூன்று வகை. தலை வெளியிலேயே நிற்கும், அல்லது பள்ளத்தில் இறங்கி உட்காரும், அல்லது சரிவாகப் பதிந்து மேல்மட்டத்தோடு சமமாகிவிடும். எனக்கு இது எத்தனை வீடியோ பார்த்தும் குழம்பிக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தெளிய வைத்தார்.

"ஊட்டுக்கு ஆளு வர்றாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தரு வாசப்படிலயே நின்னு பேசிட்டுப் போவாரு. ஒருத்தரு உள்ள வந்து சேர்ல உக்காருவாரு. இன்னொருத்தரு வந்ததே தெரியாது, பாயோட பாயா படுத்துகினு இருப்பாரு. அவ்ளோதான்."

வந்தவர் எப்படித் திரும்பிப் போவார் என்பதும் அவருக்குக் கவலை. ஒரு ஸ்பேனரை வரைந்து வைத்திருந்தார். எந்தப் பொருளை வரைந்தாலும் கடைசியில் அந்த ஸ்பேனரை அதற்குள் கொண்டுவந்து சுற்றிப் பார்ப்பார். இடிக்காமல் சுற்றினால்தான் திருப்தி. "கூப்புட்டா மட்டும் போதுமா, போறதுக்கு வழி வெக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை மறைத்துவிடுவார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியவில்லை. ஒரு மழை நாளில் கரண்ட் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார். கணினி கற்பதற்கு முன்னால் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் காஜா மெஷினில் இருந்தாராம். பட்டன் நுழைவதற்கான துளையைத் தைக்கிற வேலை. நாள் முழுக்கக் காஜா. பட்டன் வைக்கிற பகுதி வேறு கட்டடம்.

"அத்தினி வருசம் ஓட்டை போட்டேன், ஒரு பட்டன நான் பாத்ததில்லடா. சிவப்பா, கறுப்பா, நாலு கண்ணா, ரெண்டு கண்ணா, எதுவும் தெரியாது. ஆம்பள சட்டைக்கு ஒரு பக்கம் காஜா, பொம்பள சட்டைக்கு எதிர்ப் பக்கம். ஏன்னு சூப்பர்வைசரக் கேட்டேன். ‘கேக்காம போடு’ன்னான். அன்னிலேர்ந்து கேட்டுகினே கீறேன்."

அவரது பிடிவாதம் மரை விஷயத்தில் உச்சத்துக்குப் போகும். மென்பொருளில் மரையை உண்மையாகச் செதுக்க வேண்டியதில்லை. துளையைப் போட்டு, இது இன்ன அளவு மரை என்று சொல்லிவிட்டால், வழவழப்பான துளையின் மேல் சீட்டு ஒட்டியது போல அந்தத் தகவல் நின்றுகொள்ளும். இரும்பைக் கடையும் லேத் பட்டறைக்காரர் சீட்டைப் படித்து மரையைத் தானே வெட்டிக்கொள்வார். என் பிரிண்டருக்குப் படிக்கத் தெரியாது. வடிவம் எப்படி இருக்கிறதோ அப்படியே அடித்துத் தள்ளும். அதனால் சின்ன அளவுகளுக்கு வெறும் துளையாக அடித்துவிட்டு, பிறகு கையால் மரை போட்டுக்கொள்வோம். அக்காவுக்கு அது ஆகாது.

"பல்லுன்னு எழுதி வாயில ஒட்டிகினா முறுக்கு கடிக்க முடியுமா?"

எனவே ஒவ்வொரு மரையையும் நிஜமாகவே வரைவார். முதலில் ஒரு சுருள் கோடு. அதன் அடியில் குட்டியாக ஒரு முக்கோணம். முக்கோணத்தைச் சுருளின் வழியே நடக்கவிட்டால் அது சுவரை வெட்டிக்கொண்டே மேலேறும். "மாடிப்படி ஏறுது பாரு, மாடிப்படி ஏறுது பாரு" என்று குழந்தையைக் காட்டுவது மாதிரி காட்டுவார். அதற்குள் பிரவுசர் திணறி, கணினியின் விசிறி கீழே மில்லோடு போட்டி போட ஆரம்பிக்கும்.

"அக்கா, மறுபடியும் தொங்குதுக்கா" என்று ஓனர் தம்பி அலறுவான். "ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போங்களேன்!"

"இரு தம்பி. நடுப்படில நிக்குது, இப்ப எறக்கிவுட முடியாது."

இந்தப் பிடிவாதம் ஒருமுறை எங்களை நன்றாகவே கவிழ்த்தது. சாப்பாடு டெலிவரி செய்பவர்களின் ஸ்கூட்டரில் பெட்டியைத் தாங்கும் பிடிகள், வலது இடது என்று ஜோடி ஜோடியாக வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. பெரிய பிளாஸ்டிக் திருகு நுழைகிற மரை. அக்கா வலது பிடியை வரைந்தார், மரையைச் செதுக்கினார். இடது பிடிக்கு அந்த மென்பொருளில் சுலபமான வழி இருக்கிறது. நடுவே ஒரு கண்ணாடி வைத்தது போல் வலதைப் பிரதி எடுத்தால் இடது வந்துவிடும். அப்படியே எடுத்தார். நானும் அடித்துக் குவித்தேன்.

வாங்க வந்தவர் வலது பிடியில் திருகை வைத்துச் சுற்றினார், வெண்ணெயாக இறங்கியது. இடதில் வைத்தார், இறங்கவில்லை. அடுத்ததை எடுத்தார், அதுவும் இல்லை. நான் பிரிண்டரின் சூட்டைக் குறை சொன்னேன், ஓனர் தம்பி பிளாஸ்டிக்கைக் குறை சொன்னான். அக்கா இரண்டு பிடிகளிலும் இரண்டு சுண்டு விரல்களை விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் சிரித்தார். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது.

"டேய், கண்ணாடில பாத்தா மோதரம் வேற கைக்குப் போயிடும்ல? மரையும் போயிடுச்சுடா. இது வலப்பக்கம் ஏறுது, அது இடப்பக்கம் ஏறுது!"

சீட்டு ஒட்டியிருந்தால் கண்ணாடி அதை மாற்றியிருக்காது. நிஜ மரை என்பதால் அதன் சுருளும் திரும்பிவிட்டது. அத்தனை இடது பிடிகளும் வீண். வந்தவர் திட்டிவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை. ஓனர் தம்பி பாவம், முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டான். "இனிமே நிஜ மரையும் வேணாம், கண்ணாடியும் வேணாம். சத்தியமா சொல்றேன்க்கா, அந்த பட்டனைத் தொடாதீங்க" என்றான். அக்கா தலையாட்டினார். ஆனால் எதிர்ப்பக்கம் ஏறிய ஒரு பிடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். "எதுக்குக்கா?" என்றேன். "இதுக்குள்ள வர்றவரு யாருன்னு தெரியணும்ல?"

தெரிந்தது, கொஞ்ச நாள் கழித்து.

கீழே மில்லுக்குக் கோதுமை அரைக்க ஒருவர் கை மூன்றுசக்கர வண்டியில் வருவார். கால் இரண்டும் சின்ன வயதிலேயே சூம்பிப்போனவை. மார்புக்கு முன்னே சைக்கிள் பெடல் போல இரண்டு கைப்பிடிகள். அவற்றைச் சுற்றினால் செயின் இழுத்து வண்டி ஓடும். பூட்டு, டார்ச் லைட், சீப்பு எல்லாம் வண்டியில் வைத்துத் திருமுல்லைவாயில் பக்கம் விற்பவர். மனிதர் நல்ல வாயாடி. அன்று அக்கா மாவு வாங்கக் கீழே இறங்கியவர், அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, இடது ஹேண்டில மட்டும் உள்ளங்கையால அமுக்கிகினே சுத்துறீங்க?"

"வுட்டா கயண்டுகினு வந்துடும்மா."

"டைட்டு பண்லாம்ல?"

"டைட்டு பண்ணாத கடை இல்ல, சுத்தாத நூலு இல்ல, ஊத்தாத பசை இல்ல. வெல்டிங்கூட வெச்சுப் பாத்தாச்சு, உடஞ்சுபோச்சு. சனியன் வெளிலயே வந்துகினு கீது."

"வலது?"

"அது என்னிக்கும் கயண்டதில்லம்மா. ரெண்டும் ஒரே கடைல ஒரே நாள் வாங்குன போல்ட்டு."

அக்காவுக்கு அது போதும். ஒரே போல்ட்டு, ஒரே துளை, ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது. கோதுமை அரைபடும் சத்தத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவரும் பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: தினமும் ரயில்வே கேட்டைக் கடந்துதான் வியாபாரத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் தண்டவாளத்தின் நடுவில் இடது கைப்பிடி கழன்று கல்லுக்குள் விழுந்துவிட்டது. ஒரு கையால் சுற்றினால் ஏற்றத்தில் வண்டி நகரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள்.

"ரயிலு தூரத்துலதாம்மா வந்துச்சு. ஆனா அத்தப் பாத்துகினே ஒக்காந்திருந்தேன் பாரு, அதான். அன்னிலேர்ந்து கேட்டு தொறந்தா எல்லாரும் போவட்டும்னு ஓரமா நிப்பேன். கடைசியா, அமுக்கிப் புடிச்சுகினு போவேன்."

சொல்லிவிட்டு மாவுப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா என்னை இழுத்துக்கொண்டு அயனம்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னார்:

"லெப்டு பெடலு எதிர் மரைக்கா. கம்பெனிலேர்ந்தே அப்டிதான் வருது."

"ஏன்?"

"இல்லாட்டி கயண்டுடும்."

"அதான் ஏன் கயலுது?"

"யக்கா, நான் பஞ்சர் ஒட்டணும்."

அவருடைய வண்டியைச் செய்து கொடுத்த வெல்டிங் கடைக்காரர் சாதாரண போல்ட்டை இரண்டு பக்கமும் போட்டுவிட்டார் என்பது புரிந்துவிட்டது. வேறு யாராயிருந்தாலும் அதோடு லேத் பட்டறைக்குப் போயிருப்பார்கள். அக்காவுக்கு "ஏன்" முடியவில்லை. அறைக்கு வந்து, தன் தொளதொள வளையலைக் கழற்றி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதற்குள் ஒரு பென்சிலை விட்டார். பென்சிலில் மையால் ஒரு பொட்டு. வளையலின் உள்விளிம்பில் பென்சிலை அழுத்தி வட்டமாக ஓட்டினார். விரலைத் தளர்த்திப் பிடித்தபோது பென்சில் தானாக உருண்டது, ஓட்டிய திசைக்கு நேர் எதிராக.

"பாத்தியா? கை இப்டி சுத்துது, போல்ட்டு கொஞ்சங்கொஞ்சமா அப்டி உருளுது. கையோட பாரம் வட்டம் போடப் போட, துளைல இருக்குற துளியூண்டு எடத்துல அது உருண்டுகினே கீது. வலது பக்கம் அந்த உருளல் டைட்டாக்குது. இடது பக்கம் அதே உருளல் கயட்டுது. அவரே கயட்டிகினு போறாருடா, பாவம், ஒவ்வொரு சுத்துக்கும்!"

ஓனர் தம்பியும் எழுந்து வந்து வளையலை வாங்கிச் சுற்றிப் பார்த்தான். மறுபடி சுற்றிப் பார்த்தான். கல்லூரியில் இதை ஒருவரும் தன்னிடம் வளையலில் காட்டவில்லை என்று சிரித்தான். அக்கா கணினி முன் உட்கார்ந்தார்.

"தம்பி, கண்ணாடி பட்டன தொடப் போறேன்."

"அய்யோ அக்கா!"

"இந்த வாட்டி வேணும்னே."

வலது கைப்பிடியின் தண்டையும், அது நுழைகிற வளையத்தையும் நிஜ மரையோடு வரைந்தார். நடுவே கண்ணாடியை வைத்தார். எங்கள் மூவரின் திரையிலும் ஒரே நேரத்தில் இடது பக்கம் பிறந்தது, மரை எதிராக ஏறிக்கொண்டு. எங்கள் பிழைப்பில் மண் போட்ட அதே சுருள். "வந்துட்டாருடா" என்றார் அக்கா.

முதலில் மஞ்சள் பிளாஸ்டிக்கில் அடித்து வண்டியில் வைத்துப் பார்த்தோம். முழங்கால் இடிக்கவில்லை, ஸ்பேனர் சுற்ற இடம் இருந்தது. அதையும் வரைபடத்தையும் காட்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரும்பில் செய்து, வளையத்தைக் கைப்பிடியைத் தாங்கும் இரும்புக் கரத்தில் வெல்டிங் வைத்து வாங்கினோம். லேத்காரர் மட்டும், "ஒலகமே வலது பக்கம் டைட்டாவுது, ஒனக்கு மட்டும் இன்னாக்கா தனியா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் ரயில்வே கேட்டுக்கு நாங்களும் போனோம். கேட் திறந்ததும் வழக்கம்போல எல்லாரையும் போகவிட்டு அவர் கடைசியாகக் கிளம்பினார். அக்கா வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார், கையைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஆனால் எதையும் தொடாமல்.

"அமுக்காதீங்க அண்ணாத்தே."

"பயக்கம்மா."

"வெரலத் தொறங்க. சொம்மா மாட்டிகினு சுத்துங்க."

முதல் தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு விரல்களைத் திறந்தார். இரண்டாவது தண்டவாளம். கைப்பிடி அங்கேயே இருந்தது. அந்தப் பக்கம் போய் நிறுத்தியவர் முதலில் செய்தது, இடது கையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்ததுதான். எத்தனையோ காலமாக வலது கையால் மட்டுமே துடைத்திருப்பார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, அவசரமாக வேறு பக்கம் திரும்பிக் கேட் கம்பத்தில் இருந்த ஒரு துளைக்குள் விரலை விட்டுக்கொண்டார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். சில மாதம் கழித்து மில் வாசலில் இருந்து மாடியைப் பார்த்து ஒரு கூச்சல்.

"தங்கச்சீ! கொஞ்சம் எறங்கி வாம்மா! இப்ப கயலவே மாட்டேங்குது!"

பேரிங் மாற்ற வேண்டுமாம். காலையிலிருந்து அவரும் இரண்டு நண்பர்களும் ஸ்பேனரில் குழாய் மாட்டி, தொங்கிப் பார்த்துவிட்டார்களாம். முகமெல்லாம் வியர்வை. "கயலாம இருக்கணும்னுதானே கேட்டேன், கயட்டவே கூடாதுன்னா கேட்டேன்?" என்றார். அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழக்கத்தில் எல்லா போல்ட்டையும் கழற்றுகிற திசையில் மூன்று பேரும் பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள்.

"போறதுக்கு வயி கீதா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

"வயி இல்லாம நான் யாரையாச்சும் கூப்டுவனா அண்ணாத்தே? கீது. ஒங்க பயக்கத்துக்கு எதிர்ப் பக்கம்."

ஸ்பேனரை வாங்கி மறுபக்கம் ஒரு அழுத்து அழுத்தினார். கிறீச்சென்று ஒரு சத்தம், கைப்பிடி இளகியது.

பின்னால் அந்த மாடி அறை மூடப்பட்டது. ஓனர் தம்பி வேலைக்குப் போய்விட்டான். அக்கா தன் மகளோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். நான் இரண்டு பிரிண்டர்களை வீட்டிலேயே வைத்து ஓட்டுகிறேன். துளை போடும் கருவி கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் குரலில்தான் கேட்கிறது.

போன வாரம் திருமுல்லைவாயிலுக்குப் போகிற வழியில் கேட் மூடியிருந்தது. பைக்குகளுக்கும் ஆட்டோக்களுக்கும் முன்னால், கேட்டை ஒட்டி முதல் ஆளாக நின்றிருந்தது அந்த மூன்றுசக்கர வண்டி. இடது கை கைப்பிடியில் சும்மா சாய்ந்திருந்தது. வலது கையில் போன். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஒங்க அக்காதான் லைன்ல கீது. நீயே சொல்லுபா. கயலலன்னு சொன்னா வுட மாட்டேங்குது. ‘செரி, கயட்டணும்னா எந்தப் பக்கம் சுத்துவீங்க, சொல்லுங்க’ன்னு பரீட்ச வெக்குது."

ரயில் வந்தது. பேச்சு கேட்கவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஓசூரில் இருக்கிறவருக்குக் காட்டுவது போல, இடது கையைக் காற்றில் தூக்கி, இல்லாத ஒரு ஸ்பேனரைப் பிடித்து, பழக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

கேட்டைத் தூக்கினார்கள். முதல் ஆளாகப் போனார்.